குவாய்ப் பாலமும் கழிப்பறைக் குழியும்: சேலத்தில் ஒரு திரையிடலின் நிகழ்வு ஆய்வு

சேலத்தில் மாதந்தோறும் கூடும் சிறிய திரைப்பட வட்டம் ஒன்றில், போர்க்கைதி முகாமில் உயிர்பிழைத்தல் என்ற பொருளில் ஒரு படத்தைத் திரையிட்டுப் பேசினோம். 1957இல் டேவிட் லீன் இயக்கத்தில் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை எடுத்துக்கொண்டோம். அலெக் கின்னஸின் நடிப்பு, அகன்ற திரையில் காட்டின் அழகு, கடைசிக் காட்சியின் வெடிப்பு ஆகியவற்றைப் பேசுவதாகத் திட்டம். வந்தவர்களோ இரவு பத்தரை மணிவரை கொதித்த நீர், கழிப்பறைக் குழி, ஈ, ஆள் கணக்கு என்று பேசிவிட்டுக் கலைந்தார்கள். ஒரு போர்ப்படத்தை இப்படியும் பார்க்கலாமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. அந்தப் பேச்சும், அதன் பின்னால் உள்ள வரலாறும் இந்த ஆய்வின் பொருள்.

போர்ப்படம் இந்த ஊருக்குப் புதியதல்ல. ஏற்காடு சாலையில் இன்று முகப்பு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸில்தான் 1945இல் 'பர்மா ராணி' எடுக்கப்பட்டது. ஜப்பானியர் கைப்பற்றிய பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானிகளின் கதை. டி. ஆர். சுந்தரம் தாமே இயக்கி, ஜப்பானிய அதிகாரி வேடத்தையும் ஏற்றார். கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு. போர் முயற்சிக்கு உதவும் படம் வேண்டும் என்ற அரசின் நெருக்குதல். அந்தச் சூழலில் பிறந்த படம் அது. சேலத்துச் செட்டில் பர்மா உருவான காலத்தில், இதே மாவட்டத்திலிருந்து மலேயாவுக்குப் போனவர்கள் உண்மையான பர்மா எல்லையில் என்ன ஆனார்கள் என்பது ஊரில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படம் சொல்லும் கதை

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் (அலெக் கின்னஸ்), சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ஒரு காட்டு முகாமுக்குத் தம் படைப்பிரிவோடு வருகிறார். கிழிந்த காலணி, ஆனாலும் அணிவகுப்பு, வாயில் சீட்டி. அதிகாரிகளும் உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறார் முகாம் தலைவர் சைட்டோ. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப் புத்தகத்தைக் காட்டி நிக்கல்சன் மறுக்கிறார். அந்தப் புத்தகத்தாலேயே முகத்தில் அடி விழுகிறது. தகரக் கொட்டடியில் வெந்து கிடந்தும் அவர் வளையவில்லை, சைட்டோதான் வளைகிறார். வென்ற கர்னல் பாலம் கட்டும் பொறுப்பைத் தாமே ஏற்கிறார். ஆட்கள் சோர்ந்துவிடக் கூடாது, ஒழுங்கு கெடக் கூடாது என்று தொடங்கியது, எதிரிக்கு அவனால் கட்ட முடியாத உயர்ந்த பாலத்தைக் கட்டித் தருவதில் போய் முடிகிறது. பாலத்தைத் தகர்க்க வரும் நேச நாட்டு வீரர்களைத் தடுக்கும் அளவுக்கு அவருக்கு அதன்மேல் பற்று. கடைசியில் பாலம் ரயிலோடு ஆற்றில் விழுகிறது.

இலங்கையில் கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில் படமாக்கப்பட்டது. ஏழு ஆஸ்கர் விருதுகள். திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டையில் தடைப்பட்டியலில் இருந்ததால் அவர்கள் பெயரே திரையில் வரவில்லை. நாவலாசிரியர் பியர் பூல் பெயர் போட்டார்கள். மற்றவை எல்லோரும் அறிந்தவை.

"இவர்கள் ஏன் சாக வேண்டும்?"

முதல் கேள்வியைக் கேட்டவர் சேலம் வெள்ளைக்கல் சுரங்கத்தில், அதாவது மாக்னசைட் சுரங்கத்தில், நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். பாறையில் வேட்டு வைக்கச் சம்மட்டியால் குழி அடித்துப் பழகியவர். படம் முடிந்ததும் அவர் கேட்டது இவ்வளவுதான்: இந்த வேலைக்கு இவர்கள் ஏன் சாக வேண்டும்? ஆட்கள் உடம்போடு இருக்கிறார்கள், மரம் அறுக்கிறார்கள், ஓய்வும் கிடைக்கிறது. முகாமில் கல்லறைச் சிலுவைகளைக் காட்டுகிறீர்களே, அவர்கள் எதனால் செத்தார்கள் என்று படம் சொல்லவே இல்லையே.

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். உண்மையில் நடந்தது பாலம் கட்டும் வேலை மட்டுமல்ல. தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் இதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். படத்துக்குப் பெயர் தந்த பாலம் தாமர்க்கானில் இருந்தது. முதலில் ஒரு மரப்பாலம், பிறகு ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரும்பு வளைவுகளால் ஒரு பாலம். அந்த ஆற்றுக்கு அப்போது குவாய் என்ற பெயர்கூட இல்லை; மே குலோங் என்பதே பெயர். படம் பார்த்துவிட்டுக் குவாய்ப் பாலம் எங்கே என்று பயணிகள் தேடி வரத் தொடங்கியதும், 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஒரு சினிமா ஒரு நதிக்குப் பெயர் வைத்தது வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

சாவு அதிகமாக விழுந்தது பாலத்தில் அல்ல. காட்டுக்குள் மலையை வெட்டிய இடங்களில். கைதிகள் 'ஹெல்ஃபயர் பாஸ்' என்று பெயரிட்ட கொன்யூ பாறைவெட்டில், ஒருவன் துளையுளியைப் பிடித்துத் திருப்ப, மற்றவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஆளுக்கு இத்தனை அளவு ஆழம் என்று தினக் கணக்கு உண்டு. முதலில் ஒரு மீட்டர் அளவில் இருந்தது; 1943இல் பாதையை விரைவில் முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும் இரண்டு, மூன்று மீட்டர் ஆனது. மண் வெட்டும் ஆட்களுக்கும் அப்படியே: ஒரு கனமீட்டரில் தொடங்கிய கணக்கு ஏறிக்கொண்டே போனது. இதைச் சொன்னபோது பெரியவர் தலையசைத்தார். நல்ல சோறு தின்று, இரவு வீட்டில் படுத்து எழுந்தவனுக்கே சுண்ணப்பாறையில் இரண்டு மீட்டர் என்பது முழுநாள் வேலை என்றார். அரைவயிற்றுச் சோறும் மலேரியாவும் உள்ளவனுக்கு அது தூக்குத் தண்டனைதான். கயிறு மட்டும் இல்லை.

படத்தில் நிக்கல்சனுக்கும் சைட்டோவுக்கும் நடக்கும் போராட்டம் மானம் சார்ந்தது. நிஜ முகாமில் போராட்டம் எண்ணிக்கை சார்ந்தது. காலையில் ஜப்பானியப் பொறியாளர் வந்து இன்று இத்தனை ஆள் வேண்டும் என்பார். கைதிகளின் மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, இவன் போகலாம், இவன் போனால் செத்துவிடுவான் என்று பிரிக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் மருத்துவருக்கு அடி. யாரையும் அனுப்ப மறுத்தால் காவலர்களே படுக்கையிலிருந்து இழுத்துச் செல்வார்கள். ஹிந்தோக் முகாமில் இருந்த ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப் மாதக்கணக்கில் இந்தப் பேரத்தை நடத்தினார். காலில் புண் உள்ளவனை மரத்தடியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிக் கேட்பது, நடக்கவே முடியாதவனைத் தம் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பொறியாளர் முன் நிறுத்துவது என்று ஒவ்வொரு காலையும் ஒரு வழக்கு.

படத்தில் இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று இருக்கிறது. பாலம் குறித்த நாளில் முடியாது என்று தெரிந்ததும் நிக்கல்சன் மருத்துவக் குடிலுக்குள் போய், எழுந்து நடக்கக்கூடிய நோயாளிகளைத் தாமே வேலைக்கு அழைத்துப் போகிறார். மருத்துவர் கிளிப்டன் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நாடகமாகக் கூர்மையான காட்சி. அதில் லீனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உயிர்பிழைத்தலைப் பற்றிய படத்தில் மருத்துவர் வெறும் சாட்சியாகச் சுருங்கிப்போனது பெரிய இழப்பு.

சிஸ்டரின் கேள்வி

அரசு மருத்துவமனையில் தொற்றுநோய் வார்டில் பணியாற்றிய செவிலியர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். எங்கள் வட்டத்தில் எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்றே அழைப்போம். இத்தனை நூறு பேர் இருக்கும் முகாமில் கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கிருந்து வருகிறது, ஒரு காட்சியிலாவது காட்டினார்களா என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

1943 மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. குழிகள் நிரம்பி வழிந்தன. ஆறும் ஓடையும் ஒன்றாயின. காலரா பாதை நெடுகப் பரவியது. அதைத் தடுக்கத் தேவைப்பட்டவை மிக எளிய பொருள்கள்: கொதித்த நீர், ஆழமான மூடிய குழி, ஈ மொய்க்காத சோறு, சாப்பிடும் முன் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுக்கும் பழக்கம். இவற்றுக்கு விறகு வெட்டவும் குழி தோண்டவும் ஆள் வேண்டும். பதினான்கு மணி நேரம் பாறை வெட்டிவிட்டு வருபவனிடம் இன்னொரு குழி தோண்டு என்று யார் சொல்வது, சொன்னால் அவன் ஏன் கேட்பான்? ஒழுங்கு என்ற சொல் முகாமில் உயிருள்ளதாவது இந்த இடத்தில்தான்.

எஃப் படை என்று அழைக்கப்பட்ட கைதிகள் பிரிவின் கணக்கு இதற்கு மிகக் கடுமையான சான்று. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து 7,000 பேர் அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் பிரிட்டிஷார், பாதிப் பேர் ஆஸ்திரேலியர். இரவில் நடந்து 300 கிலோமீட்டர். அதே காட்டுப் பகுதி, அதே மழை, அதே காலரா. ஆஸ்திரேலியர்களில் 1,060 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷாரில் 2,000க்கும் மேல். காரணங்கள் பல உண்டு. பிரிட்டிஷ் தரப்பில் புறப்படும்போதே நோயாளிகள் அதிகம். பல படைப்பிரிவுகளிலிருந்து சேர்த்த கூட்டம். ஆஸ்திரேலியர்கள் ஒரே டிவிஷனைச் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நீரைக் கொதிக்க வைக்கும் விதியை மீறுகிறவனைப் பக்கத்தில் இருப்பவனே கண்டிப்பான். வீரத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

சிஸ்டர் இன்னொன்றும் கேட்டார்: காலரா வந்த பிறகு என்ன செய்தார்கள்? உப்புக் கரைசல்தான். கொதித்த நீரில் கல்லுப்பைக் கரைத்து வடிகட்டி, ஸ்டெதஸ்கோப் குழாயையும் மூங்கிலில் சீவிய குழலையும் இணைத்து நரம்பில் ஏற்றினார்கள். மூங்கில் கீறலில் தொடங்கி எலும்புவரை அரிக்கும் புண்ணைக் கரண்டியால் சுரண்டினார்கள். அதுவும் பலிக்காதபோது காலை எடுத்தார்கள். சுங்காய் மருத்துவ முகாமில் கைதியாக இருந்த மருத்துவர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் உறையாதபடி கடைந்த இரத்தத்தை நோயாளிகளுக்கு ஏற்றினார். அதிகாரிகளுக்கு ஜப்பானியர் கொடுத்த சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துப் பொதுநிதியாக்கி, நோயாளிகளுக்கு வாத்து முட்டையும் பயறும் வாங்கினார்கள். காஞ்சனபுரி வணிகர் பூன்பொங் காய்கறி விற்கும் சாக்கில் மருந்தையும் பணத்தையும் கடத்திக் கொடுத்தார். பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயால் வீங்கிப்போனவனுக்கு ஒரு முட்டை என்பது இன்னும் ஒரு வார உயிர்.

இங்கேதான் எனக்குப் படத்தின்மேல் உள்ள முதன்மையான குறை. ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கும் அதிகாரியைப் படம் நுட்பமாகப் பரிகசிக்கிறது. நிக்கல்சனின் விதிப்பற்று அவரைத் துரோகத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் நிஜத்தில் அந்த விதிப்பற்றுதான் மருந்து. தாமர்க்கானில் கைதிகளின் தலைவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி ஒழுங்கில் நிக்கல்சனுக்குக் குறைந்தவர் அல்லர். அதிகாரிகளும் ஆட்களும் ஒரே உணவு, சுத்தம், காவலர்களோடு ஓயாத பேரம் என்று முகாமை நடத்தினார். பாலத்தின்மேல் அவருக்குக் காதல் இருந்ததில்லை. முடிந்தவரை வேலையைக் கெடுத்தார்கள். படம் வந்தபோது அவருடைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். இன்னொரு வேடிக்கை: உண்மையான சைட்டோ முகாம் தலைவரே அல்லர், துணைப்பொறுப்பில் இருந்த சார்ஜன்ட் மேஜர். போருக்குப் பின் அவருக்காகப் பரிந்து பேசியவர் டூசிதான்.

பக்கத்து முகாம்

மூன்றாவதாகப் பேசியவர் ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்துபவர். அவருடைய பாட்டனாரின் தம்பி 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். போருக்கு முன் கடிதம் வந்தது; பிறகு வரவில்லை. குடும்பத்தில் எல்லோரும் குண்டு விழுந்து செத்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த ரயில் பாதையில் தமிழர்கள் இருந்தார்களா என்று அவர் கேட்டார். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் ஒரு தமிழ் முகம்கூட இல்லை என்பதால் வந்த கேள்வி.

இருந்தார்கள். கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தார்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் பிரியாத பழைய சேலம் ஜில்லா, திருச்சி, தஞ்சை, வடஆற்காடு போலவே, மலேயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் கட்டிய முக்கியமான ஜில்லாக்களில் ஒன்று. 1938இல் வழிச்செலவு கொடுத்துக் கூலிகளை அழைத்துப் போவதை இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் போனவர்கள் அங்கே நிலைத்துவிட்டார்கள். 1942இல் ஜப்பானியர் மலேயாவைப் பிடித்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது; அரிசி வரத்தும் நின்றது; தோட்டப்புறங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறானது. 1943இல் சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலேயா டாலர்) கூலி என்று ஆள் சேர்த்தார்கள். ஆசை வார்த்தைக்கு ஆள் போதாதபோது தெருவில் பிடித்தார்கள். இலவசப் படக்காட்சி என்று அறிவித்துக் கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய சம்பவங்களும் சாட்சியங்களில் உண்டு. சினிமா பார்க்க வந்த எங்களுக்கு அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

மலேயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் அதிகமானோர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். பர்மியர், ஜாவானியர், மலாயர், சீனர் எல்லோரையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் தொகை 1,80,000க்கு மேல். இவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. கைதிகளில் ஐந்தில் ஒருவர். இவர்களில் ஏறக்குறைய இருவரில் ஒருவர்.

வேலை ஒன்று, காடு ஒன்று, காலராவும் ஒன்று. வேறுபட்டது எது என்று பார்த்தால் சிஸ்டரின் கேள்விக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. இவர்கள் படைப்பிரிவாக வரவில்லை. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து அள்ளப்பட்டவர்கள், சிலர் மனைவி குழந்தைகளோடு. தோட்டத்துக் கிராணியோ (கணக்கர்) டிரஸ்ஸரோ (மருத்துவ உதவியாளர்) சிலர் உடன் வந்திருந்தாலும், ஜப்பானியரிடம் நின்று பேரம் பேச அவர்களுக்கு எந்தப் பதவியும் கிடையாது. முகாமில் ஒரு மருத்துவர் இல்லை. இவர்கள் போர்க்கைதிகளே அல்லர் என்பதால் ஜெனீவா ஒப்பந்தத்தை நீட்டக்கூட வழியில்லை. நிக்கல்சனின் கன்னத்தில் விழுந்த புத்தகத்தில் இவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. காலரா வந்ததும் பிழைத்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்களோடு நோயும் அடுத்த முகாமுக்குப் போனது. நிலைமை கைமீறிய பிறகே சாங்கியிலிருந்து கே படை, எல் படை என்ற பெயர்களில் ஏறத்தாழ 350 மருத்துவப் பணியாளர்களை, அவர்களும் போர்க்கைதிகளே, ஜப்பானியர் இந்த முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

இறந்த பிறகும் வேறுபாடு தொடர்ந்தது. கைதிகளின் அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து இறந்தவர் பெயர்ப் பட்டியலை மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒளித்து வைத்திருந்தார்கள். 1945 செப்டம்பரில் கல்லறை தேடும் குழு அந்தப் பட்டியலோடு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டது. இன்று காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தகடு. தமிழர்களுக்குப் பட்டியலே இல்லை. குழியில் மொத்தமாகப் போட்டார்கள், அல்லது எரித்தார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து, 2023இல், காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் இவர்களுக்கு நடுகல் வைக்கப்பட்டது. மாடு மீட்டுச் செத்தவனுக்கெல்லாம் பெயரோடும் ஊரோடும் கல் நட்ட தகடூர் நாடு பழைய சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது; அதே மண்ணிலிருந்து போனவர்களுக்குக் கல்லில் பொறிக்கப் பெயர்கள் கிடைக்கவில்லை.

ஆலைக்காரருக்கு இன்னொரு செய்தியும் சொன்னேன். மலேயா, சிங்கப்பூர் வழியாக வந்த ஜவ்வரிசி இந்தப் போரில் நின்றுபோனதால்தான் 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அவருடைய தொழிலும் அவருடைய சின்னத் தாத்தாவின் முடிவும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம். அவர் பதில் சொல்லவில்லை; நானும் அதற்கு மேல் இழுக்கவில்லை.

பிறகு செய்தவை

இரண்டு மாற்றங்கள் வந்தன. வரலாற்றுப் படம் திரையிடும்போது அதன் களத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பை முன்கூட்டியே கொடுப்பது என்று முடிவானது. அதில் படத்தில் இல்லாதவர்கள் யார் என்று ஒரு பத்தி கட்டாயம். இன்னொன்று, ஆலைக்காரரும் வேறு சிலரும் ராசிபுரம், ஆத்தூர், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் மலேயாவுக்குப் போய்த் தொடர்பற்றுப் போனவர்களின் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், கடைசிக் கடிதத்தின் ஆண்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். யார் ரயில் பாதைக்குப் போனார் என்பதை இது நிரூபிக்காது. தோட்டத்தின் பெயர் கிடைத்தால் மலேசியாவில் விசாரிக்க ஒரு முனை கிடைக்கும், அவ்வளவுதான்.

சுரங்கப் பெரியவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு, கொதிநீர் எல்லாம் சரி. ஆனால் நல்ல வேலை செய்தோம் என்ற நினைப்பு இல்லாவிட்டால் மனிதன் உள்ளேயே செத்துவிடுவான், அந்தக் கர்னல் சொன்னதில் பாதி உண்மை என்பது அவர் கட்சி. சிஸ்டர் அதற்குச் சொன்ன பதில்: பாலத்தைக் கட்டட்டும், ஐயா, வார்டுக்குள் வந்து நோயாளியை எழுப்பியபோதே அவர் என் கணக்கில் தோற்றுவிட்டார். வார்டுக்கு வெளியே இருக்கிறவனுக்கும் ஏதாவது பிடிமானம் வேண்டும் அல்லவா என்று பெரியவர் கேட்டார். அடுத்த கூட்டத்திலும் இதையே பேசினார்கள்.